யாராவது பண்ணியிருப்பாங்க...

வழக்கமா டிராஃபிக், ஹவுஸ் ஓனர், இட்லி மாவு புளிக்காத சோகம்னு புலம்புற ஆள் நான். இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸ். எழுதுனா என் வண்டவாளமும் சேர்ந்து தண்டவாளம் ஏறுமேன்னு ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம் இது.

போன வாரம் எங்க அபார்ட்மென்ட் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒண்ணா கூடியிருந்தோம். ஆளுக்கு ஒரு பாத்திரம் சமைச்சு எடுத்துட்டு வந்து மொட்டை மாடியில சாப்பிடுற வழக்கம். சாப்பிட்டுட்டு இருக்கும்போதே ஒருத்தர் மொபைல்ல ஒரு வீடியோ காட்டுனார். ரோட்டுல ஒருத்தன் அடிபட்டுக் கெடக்கான். சுத்தி முப்பது பேர். அதுல பத்துப் பேர் கையில ஃபோனைத் தூக்கிப் படம் புடிக்கிறாங்க. குனிஞ்சு பாக்க ஒரு ஆள் இல்ல.

"இந்த ஊர்க்காரங்களுக்கு ஈரமே இல்ல சார். நம்ம ஊரா இருந்தா இப்படி விட்டுருப்பாங்களா?"

எல்லாரும் தலையை ஆட்டுனாங்க. நானும் ஆட்டுனேன். ஆட்டுனேனே தவிர வாயில இருந்த வடை உள்ள எறங்கல. ஏன்னா அந்த முப்பது பேர்ல ஒருத்தனா நானே நின்னிருக்கேன். நின்னது மட்டும் இல்ல, அதைவிடக் கேவலமா ஒண்ணு பண்ணியிருக்கேன்.

கொசுவத்தியைக் கொளுத்திக்கோங்க. 2007, ஜூன் மாசம். புனேவுக்கு வந்து ரெண்டு வருஷம். ஹிஞ்சவாடியில பொட்டி தட்டுற வேலை. மழை ஆரம்பிச்ச மொத வாரம். ராத்திரி எட்டரை மணிக்கு ஆபீஸ் முடிஞ்சு பைக்ல வாக்கட் பாலத்துப் பக்கம் வரேன். ரோட்டுல கூட்டம். வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கூட கழட்டாம எட்டிப் பாத்தேன். இருபத்தஞ்சு வயசு இருக்கும். பைக் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஒரு கால்ல செருப்பு இல்ல. தலைக்குக் கீழ மழைத்தண்ணியோட ரத்தம் கலந்து ஓடுது. மூச்சு இருக்கு, முனகல் கேக்குது.

இருபது பேராவது நின்னுட்டு இருந்தோம். நான் மனசுக்குள்ள என்ன நெனச்சேன்னு இன்னைக்கும் வரிசையா ஞாபகம் இருக்கு. மொதல்ல, "இவ்ளோ பேர் நிக்கிறாங்க, யாராவது ஃபோன் பண்ணியிருப்பாங்க." அடுத்து, "இந்த ஊர்க்காரங்களே சும்மா நிக்கிறாங்கன்னா ஏதோ காரணம் இருக்கும்." அதுக்கடுத்து, "நமக்கு மராத்தியும் வராது, இந்தியும் அரைகுறை. நாம எதுக்கு நடுவுல?" இந்த மூணையும் நெனைச்சு முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு. அந்தக் கால் மணி நேரமும் அவன் தரையிலதான் கெடந்தான்.

அப்பதான் காய்கறிக் கூடை ஏத்துன ஒரு டெம்போ வந்து நின்னுச்சு. டிரைவர் நடுத்தர வயசுக்காரர். எறங்குனார், பாத்தார், ஒரு நொடி கூட யோசிக்கல. கூட்டத்தைப் பாத்துப் பொதுவா "யாராவது வாங்க"ன்னு கூப்பிடல. ஒவ்வொருத்தரையா கையை நீட்டி வேலை சொன்னார். ஒரு காலேஜ் பையனைப் பாத்து, நீ நூறுக்கு ஃபோன் பண்ணு. இன்னொருத்தரைப் பாத்து, நீ வண்டிகளை நிறுத்து. அப்புறம் என்னைப் பாத்து, "ஏ நிளா ஷர்ட், பாய் பகட்!"

நீலச் சட்டை நான்தான். பாயைப் புடின்னா எந்தப் பாயைன்னு ஒரு செகண்ட் முழிச்சேன். மராத்தியில பாய்னா கால். புரிஞ்சதும் கால் தானா போச்சு, கை தானா புடிச்சுது. கால் மணி நேரமா மரம் மாதிரி நின்ன இருபது பேர்ல ஆறு பேர் மூணே நிமிஷத்துல அவனைத் தூக்கிக் கூடைகளுக்கு நடுவுல படுக்க வெச்சுட்டோம். (அடிபட்டவங்களை அப்படித் தூக்கக் கூடாதுன்னு இப்ப தெரியும். அப்ப மகாராஷ்டிராவுல 108 கிடையாது, 2014-லதான் வந்துச்சு.)

நானும் டெம்போவுல ஏறிக்கிட்டேன். இதுவரைக்கும் ஓரளவு நல்ல கதை. இனிமேதான் என் வண்டவாளம்.

பக்கத்துல இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்டர்ல மொத கேள்வி, "கூட வந்தது யாரு?" ரெண்டாவது கேள்வி, "பணம் யாரு கட்டுவாங்க?" மூணாவது, "இது போலீஸ் கேஸ், போலீஸ் வர வரைக்கும் நீங்க இருக்கணும்." டெம்போக்காரர் பதில் சொல்லிட்டு இருந்தார். எனக்கு அப்பதான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்த நேரம். ஆன்சைட் வாய்ப்பு வாசல்ல நிக்குது. போலீஸ் கேஸ்ல பேர் வந்தா வெரிஃபிகேஷன்ல இடிக்கும்னு ஆபீஸ்ல எவனோ சொன்னது மண்டைக்குள்ள ஓடுச்சு. வாட்சைப் பாத்தேன். மெதுவா வாசல் பக்கம் நகர்ந்தேன். "அரே பாவூ..."ன்னு அவர் கூப்பிட்டது நல்லாவே கேட்டுச்சு. கேக்காத மாதிரி வெளிய வந்து ஆட்டோ புடிச்சுட்டேன்.

அந்தப் பையன் பொழைச்சானா தெரியாது. கூடை கூடையா காய்கறியை வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் எத்தனை மணி வரைக்கும் அங்க உக்காந்திருந்தார்னும் தெரியாது. அவரும் அன்னாடம் சம்பாதிச்சாதான் சாப்பாடுங்கிற ஆள். எனக்காவது மாசச் சம்பளம்.

'ஈரம் இல்ல'ங்கிற விளக்கத்தை நான் ஒத்துக்காததுக்குக் காரணம் இதுதான். எனக்கு ஈரம் இல்லாம இல்ல. அன்னைக்கு ராத்திரி தூங்கல. ஈரம் இருந்துச்சு, கால்தான் நகரல. ஏன் நகரலன்னு அப்புறம் வருஷக்கணக்கா தேடித் தேடிப் படிச்சேன்.

இந்த விஷயத்தைப் பத்தி யார் பேசுனாலும் நியூயார்க்ல ஆரம்பிப்பாங்க. 1964 மார்ச் 13, விடியறதுக்கு முந்தி, க்வீன்ஸ் பகுதியில கிட்டி ஜெனோவீஸ்ங்கிற இளம்பெண்ணை அவங்க வீட்டு வாசல் பக்கத்துலயே ஒருத்தன் குத்திக் கொன்னான். ரெண்டு வாரம் கழிச்சு நியூயார்க் டைம்ஸ்ல முதல் பக்கச் செய்தி: 38 பேர் பாத்துட்டே இருந்தாங்க, ஒருத்தர் கூட போலீஸைக் கூப்பிடல. நகரத்து மனுஷனுக்கு இதயம் செத்துப் போச்சுன்னு உலகமே பேசுச்சு. காலேஜ் பாடப் புத்தகங்கள்லயும் ஏறிடுச்சு.

ஆனா அந்தச் செய்தியில பாதி தப்பு. முழுசாப் பாத்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். பல பேர் அரைத்தூக்கத்துல ஏதோ சத்தம்னு மட்டும் கேட்டவங்க. சோஃபியா ஃபரார்னு பக்கத்து வீட்டம்மா கொலைகாரன் அங்க இருக்கானா போயிட்டானான்னு கூட தெரியாம எறங்கி ஓடி, கடைசி நிமிஷத்துல அந்தப் பொண்ணைக் கையில தாங்கிட்டு இருந்தாங்க. அந்தம்மா பேர் அந்தச் செய்தியில இல்ல. 2016-ல கொலைகாரன் ஜெயில்ல செத்தப்ப, அந்தப் பழைய செய்தியில குறை இருந்துச்சுன்னு அதே பத்திரிகை எழுதுச்சு. ஓடி வந்தவங்களை மறந்துட்டு ஓடாதவங்களை மட்டும் அம்பது வருஷம் ஞாபகம் வெச்சிருந்தோம்.

சம்பவத்தை ஊதிப் பெருசாக்கிட்டாங்க, சரி. ஆனா அதைக் கேட்டுட்டு ஜான் டார்லி, பிப் லட்டானேன்னு ரெண்டு உளவியல்காரங்க செஞ்ச சோதனை முக்கியமானது. 1968-ல வெளியிட்டாங்க. மாணவர்களைத் தனித்தனி ரூம்ல உக்கார வெச்சு மைக் வழியா பேச விட்டாங்க. பேச்சு நடுவுல ஒரு குரலுக்கு வலிப்பு வர மாதிரி சத்தம். நம்ம ஒருத்தருக்குத்தான் கேக்குதுன்னு நெனச்சவங்கள்ல 85 சதவீதம் பேர் அந்தச் சத்தம் அடங்குறதுக்குள்ள எழுந்து ஓடுனாங்க. இன்னும் நாலு பேருக்கும் கேக்குதுன்னு நெனச்சவங்கள்ல 31 சதவீதம் பேர்தான். என்னை உலுக்குனது வேற ஒரு விவரம். எழுந்திருக்காதவங்க ஹாயா உக்காந்திருக்கல. பல பேருக்குக் கை நடுங்குச்சு, உள்ளங்கை வேர்த்துச்சு. போறதா வேணாமான்னு முடிவெடுக்க முடியாம மாட்டிக்கிட்டவங்க அவங்க. படிச்சதும் எனக்கு வாக்கட் பாலம்தான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொரு சோதனையில ரூமுக்குள்ள புகையை விட்டாங்க. தனியா இருந்தவங்கள்ல 75 சதவீதம் பேர் வெளிய வந்து சொன்னாங்க. கண்டுக்காம உக்காந்திருக்கச் சொல்லி ரெண்டு பேரைக் கூட வெச்சப்ப சொன்னவங்க வெறும் 10 சதவீதம். அவங்க சும்மா இருக்காங்க, அப்ப ஒண்ணும் இல்லபோலன்னு நாம நெனக்கிறோம். நம்மளைப் பாத்து அவங்களும் அப்படியேதான் நெனக்கிறாங்க. இருபது பேரும் அடுத்தவன் மூஞ்சியைப் பாத்தே முடிவெடுத்தா முடிவு எங்கிருந்து வரும்?

அவசரமும் ஒரு காரணம். 1973-ல பிரின்ஸ்டன்ல டார்லியும் பேட்சனும் இறையியல் மாணவர்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. போற வழியில ஒருத்தன் சுருண்டு கெடப்பான். ரொம்ப லேட் ஆயிடுச்சு ஓடுன்னு சொல்லி அனுப்பினவங்கள்ல 10 சதவீதம் பேர்தான் நின்னாங்க. நேரம் இருக்குன்னு சொல்லி அனுப்பினவங்கள்ல 63 சதவீதம் பேர் நின்னாங்க. ரெண்டு குரூப்பும் அதே காலேஜ், அதே படிப்பு. காலையில ஒன்பது மணிக்கு ஹிஞ்சவாடி ரோட்டுல போற நம்மள்ல யாரு அவசரமில்லாம போறோம்?

சரி, கூட்டம்னாலே கெட்டதான்னா, அதுவும் இல்ல. 2019-ல வெளியான ஒரு ஆய்வுல ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், இங்கிலாந்துல லங்காஸ்டர் மூணு ஊர்லயும் தெருவுல நடந்த 219 சண்டைகளோட சிசிடிவி பதிவைப் பாத்தாங்க. பத்துக்கு ஒன்பது சண்டையில யாராவது ஒருத்தராவது தலையிட்டிருக்காங்க. ஆள் அதிகமா இருந்தா யாராவது ஒருத்தர் வர வாய்ப்பும் அதிகமாத்தான் இருந்துச்சு. அப்ப கூட்டத்துக்குத் தேவை மொத ஆள். டெம்போக்காரர் மாதிரி ஒரு மொத ஆள்.

ஆனா அமெரிக்கக் கணக்கை வெச்சு மட்டும் நம்ம ஊரை எடை போட்டா தப்பு. நமக்குன்னு தனியா ரெண்டு பயம் உண்டு: போலீஸ், ஆஸ்பத்திரி. சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2013-ல நம்ம நாட்டு நகரங்கள்ல எடுத்த கணக்குல நாலுல மூணு பேர் அடிபட்டவங்களுக்கு உதவத் தயங்குவோம்னு சொன்னாங்க. தயங்குறவங்கள்ல 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ் விசாரணை, கோர்ட் அலைச்சல். மனசாட்சி இல்லாத ஜனம்னு இதைச் சொல்ல முடியுமா? உதவுனவனை உக்கார வெச்சுக் கேள்வி கேட்ட நாட்டுல பயப்படுறது நியாயமான கணக்குதானே.

இதை மாத்தத்தான் சட்டம் வந்துச்சு. அந்த அமைப்பு 2012-ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 2015-ல மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுச்சு. 2016 மார்ச் 30-ல சுப்ரீம் கோர்ட் அதை நாடு முழுக்கக் கட்டாயமாக்குச்சு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏ-ன்னு பிரிவு சேத்தாங்க, 2020-ல விதிகள் வந்துச்சு. சாரம் இதுதான்:

1. விபத்துல அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோட உதவுனா, அவருக்கு என்ன ஆனாலும் உங்க மேல சிவிலோ கிரிமினலோ கேஸ் கிடையாது.

2. பேர், விலாசம் சொல்லச் சொல்லி போலீஸ் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களா விரும்புனா சொல்லலாம்.

3. நீங்களா சாட்சி சொல்ல ஒத்துக்கிட்டா, ஒரே தடவையில விசாரணையை முடிக்கணும்.

4. கொண்டு வந்து சேத்தவர்கிட்ட ஆஸ்பத்திரி பணம் கேக்கக் கூடாது, புடிச்சு வெக்கவும் கூடாது. இந்த உரிமைகளை வாசல்ல எழுதி வெக்கணும்.

போலீஸ் வரட்டும், அப்புறம் பாக்கலாம்னு டாக்டர் சொல்ல முடியாதுங்கிறது இன்னும் பழசு. 1989-லயே பரமானந்த் கட்டாரா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு: அரசோ தனியாரோ, உயிரைக் காப்பாத்துறதுதான் மொத கடமை, மத்த ஃபார்மாலிட்டி எல்லாம் அப்புறம். ஆக, 2007-ல அந்த ஆஸ்பத்திரி சிகிச்சையைத் தள்ளிப் போட முடியாது. ஆனா எங்களைக் காப்பாத்த சட்டம் அன்னைக்கு இல்ல. இன்னைக்கு இருக்கு. நமக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? மொட்டை மாடியில நான் இதைச் சொன்னப்ப, பதினெட்டுப் பேர்ல ரெண்டு பேருக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு. எல்லாரும் படிச்சவங்க, வருமானவரிச் சட்டத்துல புதுசா வந்த மாற்றம் எல்லாத்தையும் விரல் நுனியில வெச்சிருக்கிறவங்க.

அரசு இப்ப பரிசும் தருது. கோல்டன் ஹவர்னு சொல்ற மொத ஒரு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி சேத்தா 2021-ல 5,000 ரூபாய்னு ஆரம்பிச்சது, 2025-ல 25,000 ஆச்சு. நல்லதுதான். ஆனா என் கருத்து, காசு இல்லாததால யாரும் ஒதுங்கிப் போகல. அந்தக் கவுண்டர்ல "கூட வந்தது யாரு?"ன்னு கேக்குறதுக்குப் பதிலா "கொண்டு வந்தீங்களே, ரொம்ப நன்றி, நீங்க கெளம்பலாம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கு நான் ஓடியிருக்க மாட்டேன். அதுக்கு ஒத்தப் பைசா செலவில்ல.

இனி நம்ம சமாச்சாரம். வெளியூர்ல வாழுற நமக்கு இதெல்லாம் போதாதுன்னு இன்னொரு சாக்கு ரெடியா இருக்கு: "நம்ம ஊர் இல்ல, நம்ம பாஷை இல்ல." எனக்கு இருந்த அந்தச் சாக்கு 2018-ல செத்துப் போச்சு.

தீபாவளி முடிஞ்சு அப்பா அருப்புக்கோட்டையில இருந்து வந்திருந்தார். சுகர் உண்டு. காலையில மாத்திரையைப் போட்டுட்டு, சாப்பிடாம வாக்கிங் கெளம்பிட்டார். அரை மணி நேரத்துல சுகர் எறங்கி, தலை சுத்தி, பஸ் ஸ்டாப் பக்கத்துல பிளாட்பாரத்துல உக்காந்தவர் அப்படியே சரிஞ்சுட்டார். வேர்த்துக் கொட்டுது, நாக்குக் குழறுது. அவருக்குத் தெரிஞ்ச இந்தியே "நஹி மாலும்" ஒண்ணுதான். தங்கமணி அவர் சட்டைப்பையில ஒரு சீட்டு வெச்சிருந்தாங்க, பேர், விலாசம், சுகர் இருக்குங்கிற விவரம் எல்லாம் சுத்தமான தமிழ்ல! அவ்வ்வ்...

பக்கத்து பில்டிங் வாட்ச்மேன் ஒருத்தர் நைட் டியூட்டி முடிஞ்சு போயிட்டு இருந்தவர், பாத்துட்டு நின்னார். ஒடிசாக்காரர். மராத்தி அவருக்கும் சரியா வராது. அவரோட மாமாவுக்கும் சுகராம், இப்படி வேர்க்கிறதைப் பாத்திருக்காராம். அப்பா கண் முழிச்சு, முழுங்குற நிலைமையில இருந்ததால டீக்கடையில இருந்து சர்க்கரையை அள்ளிப் போட்ட டீயை வாங்கி வந்து குடிக்க வெச்சார். தமிழ்ச் சீட்டுல எழுத்து புரியலன்னாலும் எண் எண்தானே. என் நம்பருக்கு அடிச்சுட்டார். நான் ஓடிப் போனப்ப அப்பா தலை அவர் தோள்ல சாஞ்சிருந்துச்சு.

வீட்டுக்கு வந்து கோவத்துல கத்துனேன். இத்தனை பேர் நடந்து போற ரோட்டுல ஒருத்தன் கூடவா நிக்கலன்னு. அப்பா அமைதியா சொன்னார், "பத்துப் பதினஞ்சு பேரு போயிருப்பாங்க தம்பி. ரெண்டு பேரு நின்னு பாத்துட்டுப் போனாங்க. குடிச்சுட்டுக் கெடக்கேன்னு நெனச்சிருப்பாங்க. நம்மூர்ல நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சுட்டுப் போயிருப்பேன்."

தங்கமணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "ஏங்க, அந்த 2007 பையனோட அப்பாவும் எங்கேயோ இருந்திருப்பார்ல?"

பதில் இல்ல. இன்னைக்கும் இல்ல.

நாம எல்லாரும் வயசான அப்பா அம்மாவை ஒரு ஊர்ல விட்டுட்டு இன்னொரு ஊர்ல இருக்கோம். பிள்ளைங்க மூணாவது ஊருக்குப் போகப் போறாங்க. நம்ம ஆள் ரோட்டுல விழுந்தா, தூக்குறது எவனோ ஒரு முன்பின் தெரியாதவன்தான். ஊர் முழுக்க அப்படி ஒருத்தன் தயாரா நிக்கணும்னு வேண்டிக்கிறோம். நாம நிக்கிற எடத்துல அந்த முன்பின் தெரியாதவன் நாமதான்ங்கிறது மட்டும் மறந்து போகுது.

அதனால எங்க வீட்டுல சில விஷயம் முடிவு பண்ணி வெச்சிருக்கோம். உங்களுக்கும் உதவலாம்.

1. கூட்டத்தைப் பாத்தா "யாராவது பண்ணியிருப்பாங்க"ன்னு மனசு சொல்லும். அது சொன்ன உடனே 112-க்கோ 108-க்கோ நாமளே அடிச்சுடுறது. ரெண்டு பேர் கூப்பிட்டா ஒண்ணும் குடி முழுகாது.

2. பொதுவா "ஹெல்ப்"னு கத்தாம, சட்டை நிறத்தைச் சொல்லி, ஆளைக் காட்டி, ஒரு வேலை சொல்லணும். நாம விழுந்து கெடந்தாலும் இதேதான். பாஷை தேவையில்ல, விரல் போதும்.

3. ரோட்டுல கெடக்குறவரைப் பாத்ததும் குடிகாரர்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி பக்கத்துல போய் ஒரு வார்த்தை கேக்குறது. குடிகாரராவே இருந்தாலும் உயிர் உயிர்தான்.

4. மயங்கிக் கெடக்குறவர் வாயில சோடா, தண்ணி எதுவும் ஊத்தக் கூடாது. வலிப்பு வந்தா கையில சாவிக்கொத்து குடுக்குறதுல பிரயோஜனம் இல்ல. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாலே போதும். அடிபட்டவர் ஹெல்மெட்டைப் புடிச்சு இழுக்கக் கூடாது. ரத்தம் வந்தா சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் புடிக்கணும். ஆம்புலன்ஸ் வர வாய்ப்பு இருந்தா தூக்கிக் கசக்காம காத்திருக்கணும்.

5. பணத்துக்கு அப்புறம் கவலைப்படலாம். சாலை விபத்துக்கு 2025-ல வந்த மத்திய அரசுத் திட்டத்துல ஏழு நாள் வரை ஒன்றரை லட்ச ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. பொங்கலுக்குக் காரை எடுத்துட்டு ஊருக்குப் போறவங்களுக்கு: தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்து நடந்தா 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல மொத 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும்.

6. பெரியவங்க சட்டைப்பைச் சீட்டை அந்த ஊர் பாஷையிலயும் எழுதி வைங்க. :-)

அடுத்த மொட்டை மாடிக் கூட்டத்துல மறுபடியும் "நம்ம ஊரா இருந்தா..."ன்னு யாராவது ஆரம்பிச்சா இந்தத் தடவை தலையாட்டப் போறதில்ல. இந்த 2007 கதையைச் சொல்லப் போறேன். நம்ம மக்கள் சிரிப்பாங்களோ, மொகத்தைச் சுளிப்பாங்களோ தெரியாது. பரவாயில்ல. அந்த டெம்போக்காரரை இப்ப தேடிப் புடிக்க முடியாது. அவர் கூப்பிட்டதுக்குத் திரும்பிப் பாக்காத கடனை அடுத்து எவன் ரோட்டுல கெடக்கானோ அவன்கிட்டதான் அடைக்க முடியும்.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, வக்கீலும் இல்ல. 134ஏ பிரிவு சாலை விபத்துக்கானது. முதலுதவியை முறையாக் கத்துக்க உங்க ஊர்ல அரை நாள் வகுப்பு எங்கயாவது நடந்தா குடும்பத்தோட போயிட்டு வாங்க. நாங்க போனோம். மாரடைப்புக்கு நெஞ்சை எப்படி அழுத்துறதுன்னு என்னைவிட என் பொண்ணு நல்லாப் பண்றா.